10,363 முறை ‘ஆஜர்’: ஜோ தாமஸும் யாரும் பார்க்காத அந்த வேலையும்

2017 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லேண்ட் நகரம். உள்ளூர் அணியான பிரவுன்ஸுக்கும் டென்னஸி டைட்டன்ஸுக்கும் ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் ஒரு வீரர் இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறார். ஆறரை அடி உயரம், சுமார் 140 கிலோ எடை. மருத்துவக் குழு ஓடி வருகிறது. சிறிது நேரத்தில் அவர் எழுந்து, களத்தை விட்டு வெளியே நடக்கிறார்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒருவர் அடிபட்டு வெளியே போவது வாராவாரம் நடக்கிற விஷயம்தான். ஆனால் இவர் போனது நாடு முழுக்கச் செய்தியானது. ஏன்னா, பத்து வருஷத்துக்கும் மேலான அவரது தொழில்வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் பெயர் ஜோ தாமஸ். 2007 செப்டம்பரில் தனது முதல் ஆட்டத்தில் களமிறங்கியதிலிருந்து அந்த நிமிஷம் வரை, தன் அணி பந்தை வைத்து ஆடிய ஒவ்வொரு முறையும் அவர் களத்தில் இருந்தார். மொத்தம் 167 ஆட்டங்கள். தொடர்ச்சியாக 10,363 ‘ஸ்னாப்’கள். 1999 முதல் இந்தக் கணக்கை முறையாகக் குறித்து வருகிறார்கள். அதில் இதுவே மிக நீளமான தொடர்.

இவ்வளவு பெரிய சாதனையாளர் எத்தனை டச்டவுன் அடித்தார்? எத்தனை கோப்பை வென்றார்? அணியை எத்தனை முறை பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார்?

மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: பூஜ்யம்.

அப்படியிருந்தும் 2023-ல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். எப்படி? அதைப் புரிந்துகொள்ள, ‘ஆஃபென்சிவ் லைன்மேன்’ என்ற விநோதமான வேலையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அது என்ன ஸ்னாப்?

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எதுவுமே தெரியாதா? பரவாயில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு பக்கம் 11 பேர், எதிர்ப்பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் குறைந்தது 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஆட்டம் நின்று நின்று தொடங்குவதுபோல, இங்கேயும் ஒவ்வொரு வாய்ப்பும் தனித்தனியாகத் தொடங்கும். நடுவில் குனிந்து நிற்கும் வீரர், தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தள்ளுவார். அதற்குப் பெயர்தான் ஸ்னாப்.

பந்து பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போகும். அணியின் மூளையே அவர்தான். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்பதெல்லாம் அவர் கையில். எதிரணி சும்மா இருக்குமா? பந்து நகர்ந்த அந்த நொடியே அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வரும். பந்தை எறிவதற்குள் அவரைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் ‘சாக்’.

அந்தப் பாய்ச்சலுக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவே ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரண்டு ஓரத்திலும் டாக்கிள்கள். இந்த ஐவர்தான் ஆஃபென்சிவ் லைன். குவார்ட்டர்பேக் முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கக்கூட இவர்களுக்குச் சாதாரணமாக விதியில் அனுமதி கிடையாது. இவர்கள் வேலை ஒன்றே ஒன்று: எதிரே வருபவரைத் தடுப்பது. ஓடும் ஆட்டம் என்றால் முன்னால் இடித்து வழி திறந்துவிடுவது. எறியும் ஆட்டம் என்றால் பின்வாங்கியபடியே மூன்று விநாடி தாக்குப்பிடிப்பது.

ஆமாம், வெறும் மூன்று விநாடி. அதற்குள் பெரும்பாலும் பந்து குவார்ட்டர்பேக் கையை விட்டுப் போயிருக்கும். லைன்மேன் தன் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அதுதான் அவருடைய வெற்றி. கேமரா பந்தின் பின்னால் போய்விடும். கைதட்டல் பந்தைப் பிடித்தவருக்குப் போகும். அவர் தவறு செய்தால் மட்டும்தான் டிவியில் அவர் பெயர் கேட்கும்.

இடது ஓரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஐவரில் ஜோ தாமஸ் நின்றது இடது ஓரத்தில். அந்த இடத்துக்குப் பெயர் லெஃப்ட் டாக்கிள்.

பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலது கைக்காரர்கள். பந்தை எறியத் தயாராகும்போது உடம்பு வலப்பக்கம் திரும்பிவிடும். இடப்பக்கத்திலிருந்து வருபவர் அவர் கண்ணில் படமாட்டார். பார்க்காத திசையிலிருந்து, 120 கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்?

அமெரிக்கா அதை நேரலையில் பார்த்தது. 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை இரவு ஆட்டம். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து சாய்த்ததில், வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் வலது கால் முறிந்தது. அதன் பிறகு தைஸ்மன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘தி பிளைண்ட் சைட்’ புத்தகம் இந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது. சாண்ட்ரா புல்லக் நடித்து 2009-ல் வந்த அதே பெயர் கொண்ட படத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும்.

டெய்லர் போன்ற வேகமான தாக்குதல்காரர்கள் வந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தைக் காப்பவரின் விலை ஏறியது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்பேக்கின் முதுகு அவர் பொறுப்பில்தானே இருக்கிறது!

பின்னால் நடந்துகொண்டே சண்டை போடணும்

எடை இருந்தால் போதும், நின்னு மோதினா முடிஞ்சது என்று நினைத்தால் தப்பு. எதிரே வருபவர் முன்னோக்கி ஓடுகிறார். லைன்மேன் பக்கவாட்டில் பின்வாங்கியபடி அவரைச் சமாளிக்க வேண்டும். முன்னால் ஓடுபவருக்குத்தான் எப்போதும் வேகம் அதிகம். போதாததற்கு, வெளிப்புறமாக ஓடுவதுபோல் காட்டிவிட்டு உள்ளே திரும்புவது, கையைத் தட்டிவிட்டு நழுவுவது, நெஞ்சில் இடித்து நிலைகுலைய வைப்பது என்று அவரிடம் பல வித்தைகள் இருக்கும்.

தடுப்பவருக்கு இருக்கும் அனுகூலம் ஒன்றே ஒன்று. பந்து எந்த நொடியில் நகரும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதிலும் ஒரு சிக்கல். வெளியூர் மைதானத்தில் ரசிகர்கள் போடும் சத்தத்தில் குவார்ட்டர்பேக்கின் குரலே கேட்காது. அப்போது பந்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே அசைந்தால் 5 யார்டு பெனால்டி. எதிராளியை முறையில்லாமல் பிடித்து நிறுத்தினால் 10 யார்டு. கையை எங்கே வைப்பது, காலை எத்தனை அங்குலம் பின்னால் எடுப்பது என்பதையெல்லாம் வாரம் முழுக்க வீடியோ பார்த்துப் பழகிவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வருவார்கள்.

தாமஸ் இதில் பெரிய கில்லாடி. அவர் உடம்பில் அவசரமே தெரியாது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவர் மாதிரி, வேண்டிய இடத்தில் முன்பே நிற்பார். பார்ப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்றுகூடத் தோன்றும்.

டிராஃப்ட் அன்று மீன் பிடிக்கப் போனவர்

தாமஸ் 1984-ல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் வளர்ந்தார். இந்த வேலைக்கு வருபவர்கள் போகிற வழக்கமான பாதைதான் அவருடையதும். முதலில் பள்ளி அணி, அப்புறம் கல்லூரி அணி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பாலோடு குண்டு எறிதலிலும் கலந்துகொண்டார்.

2006 ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் ஆளில்லாத நெருக்கடி. தாமஸைத் தடுப்பாட்டத்தில் இறக்கினார்கள். அது அவருக்குப் பழக்கமான இடமே இல்லை. முழங்கால் தசைநார் கிழிந்தது. பல வீரர்களுக்கு அதோடு கதை முடிந்திருக்கும். அவர் சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து, அதே ஆண்டு கல்லூரி அளவில் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் டிராஃபியை வாங்கினார்.

அடுத்தது டிராஃப்ட். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் 32 அணிகள் இருக்கின்றன. கல்லூரி முடித்து வரும் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இங்கே ஏலமெல்லாம் கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நல்ல திறமைசாலிக்கு நல்ல கம்பெனி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இங்கே இல்லை, பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும்.

முன்வரிசையில் தேர்வாகப்போகும் வீரர்களைக் கோட் சூட் போட்டு நியூயார்க் மேடைக்கு வரச் சொல்வது அப்போது வழக்கமாக இருந்தது. தாமஸுக்கும் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. 2007 ஏப்ரலில் அந்த நாளில் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் தகவல் வந்தது: மூன்றாவது இடத்தில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அவரை எடுத்திருக்கிறது.

அந்த டிராஃப்டின் முதல் இருவர் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. முதலிடத்தில் தேர்வான குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரஸல் மூன்றே சீசனில் லீக்கை விட்டுப் போனார். இரண்டாமவர் கேல்வின் ஜான்சன் பந்து பிடிப்பதில் பெரிய நட்சத்திரமாகி, ஒன்பது சீசனோடு 30 வயதில் ஓய்வு பெற்றார். மூன்றாமவர் 11-வது சீசனிலும் களத்தில் நின்றார்.

20 முதுகுகள், 6 பாஸ்கள், 128 தோல்விகள்

கிளீவ்லேண்டுக்கு ஃபுட்பால் என்பது பழைய காயம். 1964-க்குப் பிறகு அந்த ஊர் அணி லீக் பட்டம் வென்றதில்லை. சூப்பர் பவுலில் இன்றுவரை ஆடியதுமில்லை. 1995 சீசன் முடிந்ததும் அணியின் உரிமையாளர் வீரர்களோடு பால்டிமோருக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் ஊருக்கு அணியே கிடையாது. 1999-ல் புதிதாகத் தொடங்கிய அணியில்தான் தாமஸ் வந்து சேர்ந்தார்.

முதல் வருஷம் நம்பிக்கை கொடுத்தது. 10 வெற்றி, 6 தோல்வி. பிளே-ஆஃபின் கடைசி இடத்தை, சமநிலையை முடிவுசெய்யும் விதியின்படி மயிரிழையில் டென்னஸி டைட்டன்ஸிடம் இழந்தார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அந்த அடுத்த வருஷம் தாமஸுக்கு வரவே இல்லை. 2007-க்குப் பிறகு அவர் இருந்த ஒரு சீசனில்கூட பிரவுன்ஸ் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை. 11 சீசனையும் கூட்டிப் பார்த்தால் 48 வெற்றி, 128 தோல்வி. 2016-ல் 16 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2017-ல் அதுவும் இல்லை, 16-லும் தோல்வி.

தோற்கும் அணியில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. தலைமைப் பயிற்சியாளர்கள் வரிசையாக மாறினார்கள். ரோமியோ கிரெனல் தொடங்கி ஹியூ ஜாக்சன் வரை ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திட்டத்தோடு வந்தார்கள். நேற்றுவரை ஒரு பெயரில் அழைத்த அதே நகர்வுக்கு நாளையிலிருந்து வேறு பெயர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு மேனேஜர் மாறும் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

குவார்ட்டர்பேக்குகள்? தாமஸ் காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் மட்டும் 20 பேர். சார்லி ஃப்ரை முதல் கெவின் ஹோகன் வரை. ஒரு லெஃப்ட் டாக்கிளுக்கு இதன் அர்த்தம் வேறு. அவர் முன்னால் பார்த்து நிற்கிறார், தான் காக்கும் ஆள் பின்னால் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. பழக்கத்தில்தான் ஊகிக்க வேண்டும். ஒருவர் சட்டென்று எறிந்துவிடுவார். இன்னொருவர் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசிப்பார். ஜானி மன்ஸீல் போன்றவர்கள் நின்ற இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். 20 பேருடைய பழக்கத்தையும் 20 முறை புதிதாகக் கற்றுக்கொண்டு காவல் நின்றார் தாமஸ்.

வெளியே போக வழியே இல்லையா? ஒரு முறை கதவு திறந்தது. 2015 சீசனின் நடுவே டென்வர் பிராங்கோஸ் அவரை வாங்கப் பேச்சு நடத்தியது. கெடு நாளில் பேரம் படியவில்லை. அந்த சீசனின் முடிவில், 2016 பிப்ரவரியில், சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கிய அணி எது தெரியுமா? அதே டென்வர்தான். தாமஸ் அந்த நேரத்தில் 3 வெற்றி, 13 தோல்வியோடு சீசனை முடித்திருந்தார்.

ஆனாலும் அணியை மாற்றச் சொல்லி அவர் தகராறு செய்யவில்லை. இந்த ஊர் அணி நிமிர்வதை உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கணக்கே இல்லாத வேலையை எப்படி அளப்பது?

பந்து பிடிப்பவருக்கு எத்தனை யார்டு என்று கணக்கு இருக்கிறது. எறிபவருக்கு எத்தனை டச்டவுன் என்ற கணக்கு. சாய்ப்பவருக்கு சாக் கணக்கு. ஆஃபென்சிவ் லைன்மேனின் தடுப்புக்கு மட்டும் லீக்கின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம் கிடையாது. அவர் பெயர் அதிகாரபூர்வமாகப் பதிவாவது பெரும்பாலும் பெனால்டி வாங்கும்போதுதான்.

அதனால் தனியார் ஆய்வு நிறுவனங்கள் ஒவ்வொரு ஸ்னாப்பையும் வீடியோவில் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. அப்படி ஒரு நிறுவனமான புரோ ஃபுட்பால் ஃபோகஸின் கணக்குப்படி, எறியும் ஆட்டங்களில் தாமஸ் 6,600-க்கும் மேற்பட்ட முறை காவல் நின்றார். அதில் அவர் பக்கத்திலிருந்து வந்த சாக்குகள் சுமார் 30. இருநூறு முறைக்கு ஒன்றுகூட இல்லை.

சக வீரர்கள், பயிற்சியாளர்கள், ரசிகர்கள் வாக்களிக்கும் ‘புரோ பவுல்’ நட்சத்திர அணிக்கு, முதல் பத்து சீசனும் தவறாமல் அவர் தேர்வானார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணி எனப்படும் ‘ஆல்-புரோ’ முதல் அணியில் ஆறு முறை இடம்பிடித்தார். தோற்கும் அணியில் இருந்துகொண்டே இதையெல்லாம் வாங்கினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பணமும் வந்தது. 2011-ல் பிரவுன்ஸ் அவரோடு ஏழு ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தத்தை நீட்டித்தது. இன்றைக்கு முன்னணி லெஃப்ட் டாக்கிள்கள் ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் இது உச்சியில் இருப்பவர்களின் கணக்கு. ஒரு என்.எஃப்.எல் வீரரின் சராசரி தொழில்வாழ்க்கை மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்பது வீரர்கள் சங்கம் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெரும்பாலானவர்கள் பெரிய ஒப்பந்தம் போடும் கட்டத்துக்கே வருவதில்லை.

அதே எண்ணுக்கு இன்னொரு பக்கம்

இதுவரை 10,363 என்பதைப் பெருமையாகவே பார்த்தோம். இப்போ அதையே கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஸ்னாப்பும் அநேகமாக ஒரு மோதல். தன் அளவு எடையுள்ள ஒருவரோடு, சில அடி தூரத்தில், ஆட்டத்துக்குச் சராசரியாக 62 முறை. பயிற்சியில் நடக்கும் மோதல்கள் இந்தக் கணக்கில் சேராது. பள்ளி, கல்லூரி நாட்களும் சேராது.

முதலில் எடை. இன்றைய லைன்மேன்களின் சராசரி எடை 300 பவுண்டைத் தாண்டும், அதாவது 136 கிலோவுக்கு மேல். யாரும் இயல்பாக இந்த எடையில் இருப்பதில்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் அதைத் தக்கவைக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டே ஆக வேண்டியிருந்ததை, அதுவும் வேலையின் ஒரு பகுதியாக இருந்ததை, ஓய்வுக்குப் பிறகு தாமஸ் பல பேட்டிகளில் விவரித்திருக்கிறார். வேலையை விட்டதும் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். இப்போதைய படத்தைப் பார்த்தால் இவரா அவர் என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது மூட்டு. கடைசி சில வருஷங்களில் முழங்கால் வலியால் வாரநாள் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, ஞாயிறு ஆட்டத்துக்காக மட்டும் உடம்பைச் சேமித்து வைத்தார். வருகைப் பதிவேட்டில் எல்லா நாளும் ‘ஆஜர்’ என்றிருக்கும். எந்த நிலைமையில் வந்தார் என்பது பதிவேட்டில் இருக்காது.

மூன்றாவது, மூளை. 2002-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் முன்னாள் சென்டர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். நான்கு சூப்பர் பவுல் வென்றவர், ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். கடைசி வருஷங்களில் ஞாபக மறதியும் குழப்பமுமாகச் சிதைந்துபோயிருந்தார். உடற்கூராய்வு செய்த மருத்துவர் பென்னட் ஒமாலு, அவர் மூளையில் சி.டி.இ என்ற நோயின் அடையாளங்களைக் கண்டார். தலையில் மீண்டும் மீண்டும் படும் அதிர்வுகளால் வரும் மூளைச் சிதைவு நோய் இது. உறுதியாகக் கண்டறிவது இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான். பெரிய அடி விழுந்து மயங்கினால்தான் ஆபத்து என்பதில்லை. லைன்மேன்கள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் வாங்கும் சின்னச் சின்ன இடிகள் வருஷக்கணக்கில் சேர்வதும் ஆபத்துதான் என்பது இன்று மருத்துவர்களின் கவலை.

2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல் வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ இருந்தது. ஒரு விஷயத்தைச் சேர்த்தே படிக்க வேண்டும். அறிகுறிகள் இருந்தவர்களின் குடும்பங்கள்தான் மூளையைத் தானம் செய்ய அதிகம் முன்வருவார்கள். எனவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்த எண் பலரை உலுக்கியது.

ஆய்வு வெளியான இரண்டாவது நாள், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லைன்மேன் ஜான் அர்ஷல் ஓய்வை அறிவித்தார். வயது 26. அப்போதே எம்.ஐ.டி-யில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே 2017-ல், தாமஸும் ஒரு பேட்டியில் தன் மறதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஏற்கெனவே சில விஷயங்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை என்றார். அது விளையாட்டினாலா, சாதாரண மறதியா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும், இந்த வேலையின் விலைகளில் அதுவும் ஒன்று என்று எதிர்பார்த்தே இருப்பதாகவும் பேசினார். அப்போது அவருக்கு வயது 32.

ஒரே தொழில், ஒரே ஆண்டு. ஒருவர் 26 வயதில் கணக்குப் போட்டு விலகினார். இன்னொருவர் விலை தெரிந்தே தொடர்ந்து நின்றார். இதில் யார் சரி என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ‘ஒரு நாள்கூட லீவு போடாதவர்’ என்று யாரையாவது பாராட்டும்போது, அதற்கு அவர் உடம்பு என்ன கொடுத்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

அந்த எண் சுவரில் ஏறிய இரவு

கிளீவ்லேண்டில் அன்று கிழிந்தது இடது கையின் டிரைசெப்ஸ் தசை. ஆட்டத்தை பிரவுன்ஸ் கூடுதல் நேரத்தில் 12-க்கு 9 என்று தோற்றது. 2007-ல் பிளே-ஆஃப் வாய்ப்பைப் பறித்த அதே டைட்டன்ஸிடம். தாமஸ் அதன் பிறகு ஆடவில்லை. 2018 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 20, வியாழக்கிழமை இரவு. நியூயார்க் ஜெட்ஸுடன் பிரவுன்ஸ் ஆட்டம். கடைசியாக பிரவுன்ஸ் ஜெயித்தது 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். 635 நாளாக ஊர் ஒரு வெற்றியைப் பார்க்கவில்லை. அன்றும் முதல் பாதியில் பின்தங்கித்தான் இருந்தார்கள். இடைவேளையில் தாமஸைக் களத்துக்கு அழைத்து, மைதானத்தின் கௌரவப் பட்டியலில் ஒரு எண்ணைத் திறந்துவைத்தார்கள்: 10,363.

இரண்டாம் பாதியில், புதிதாக வந்திருந்த குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் ஆட்டத்தைத் திருப்பினார். 21-க்கு 17. பிரவுன்ஸ் ஜெயித்தது. மறுநாள் எல்லாச் செய்தியிலும் மேஃபீல்டின் படம். அவர் பந்தை எறிய நேரம் வாங்கிக் கொடுத்த ஐந்து பேரின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிளீவ்லேண்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கேன்டன் நகரில், ஹால் ஆஃப் ஃபேம் மேடை ஏறினார் தாமஸ். கோப்பைகள் வென்றவர்கள் நிறைந்த அந்த மண்டபத்துக்கு அவர் எடுத்துப்போனது 48 வெற்றிகளையும் அந்த ஒரே எண்ணையும்தான்.

அடுத்த முறை அமெரிக்கன் ஃபுட்பால் ரீல்ஸ் ஏதாவது உங்கள் டைம்லைனில் வந்தால் ஒரு விஷயம் செய்து பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்னாப் நடந்த நொடியிலிருந்து மூன்று விநாடிக்கு, இடது ஓரத்தில் பின்வாங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மனிதரை மட்டும் பாருங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.